பிரான்ஸ் கிராமத்து விடுதியில் இருவராகத் தங்குவது: தோர்தோஞ் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

தென்மேற்குப் பிரான்ஸில் தோர்தோஞ் ஆற்றங்கரைக் கிராமங்களில் நானும் என் கணவரும் மூன்று முறை தங்கியிருக்கிறோம். அதன்பிறகு தங்கைக்கும் நண்பர்கள் சிலருக்கும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதலில் விமான டிக்கெட், பிறகு அறை, பிறகு கார், சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசை போட்டிருந்தார்கள்.

கிராமத்து விடுதிக்கு அந்த வரிசை தலைகீழ். அங்கே இரவுச் சாப்பாடுதான் முதலில் உறுதியாக வேண்டும். அது எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த மேசையில் என்பது தெரிந்தால்தான் அறையும் பயணமும் சரியாக அமையும். சுற்றிலும் பத்துக் கிலோமீட்டருக்கு வேறு கடை திறந்திருக்காத ஊரில், சமையல்காரர் அடுப்பை அணைத்த பிறகு நீங்கள் போய் நின்றால் பசியோடுதான் படுக்க வேண்டியிருக்கும். காதலோடு கழிக்க நினைத்த முதல் இரவு அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வராததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. எந்த வகை விடுதி என்று முதலில் தீர்மானியுங்கள்

இணையத்தில் தேடும்போது எல்லாமே கல் சுவரும் ரோஜாக் கொடியுமாக ஒரே மாதிரி தெரியும். உள்ளே நடப்பது வேறு வேறு. மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒபெர்ஜ் என்பது அடிப்படையில் உணவகம். மாடியில் சில அறைகள் இருக்கும். இருவருக்கென்று தனி மேசை கிடைக்கும்.

ஷாம்ப்ர் தோத் என்பது உரிமையாளர் குடியிருக்கும் வீடு. சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் விடக் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் தங்கவைக்கவும் கூடாது. காலை உணவும் படுக்கை விரிப்பும் அறைக் கட்டணத்திலேயே அடங்கும். இவர்களில் சிலர் இரவு உணவும் தருவார்கள். அதற்குத் தாப்ல் தோத் என்று பெயர். தங்கியிருப்பவர்களுக்கு மட்டும், முன்கூட்டிச் சொன்னால் மட்டும், எல்லோருக்கும் ஒரே சமையல், வீட்டுக்காரரோடு ஒரே நீள மேசையில்.

ஜீத் என்பது முழு வீடு. சாவியை வாங்கிக்கொண்டு நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாரக் கணக்கில்தான் விடுவார்கள்.

இதில்தான் தம்பதிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருவராகச் சாப்பிடும் கனவோடு தாப்ல் தோத் பதிவு செய்துவிட்டு, பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடும் வீட்டுக்காரரோடும் எட்டுப் பேராக உட்காருவார்கள். அதுவும் நல்ல அனுபவம்தான், ஆனால் எதிர்பார்த்தது அதுவல்ல. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஒபெர்ஜைத்தான் சொல்வேன். இரண்டாவது பயணத்தில், கொஞ்சம் பிரெஞ்சு பேசவும் துணிந்த பிறகு, ஷாம்ப்ர் தோத்துக்குப் போங்கள்.

2. மாதத்தையும் கிழமையையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை அல்லது செப்டம்பர். காரணம் எளியது. ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸ் முழுவதும் விடுமுறையில் இருக்கும்; ஆற்றங்கரைச் சாலையில் கார்கள் ஊர்ந்து போகும்; கல் வீடுகளில் குளிர்சாதனம் பெரும்பாலும் இருக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பல விடுதிகள் ஆண்டு விடுமுறை என்று கதவை அடைத்துவிடும். மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளும் இயேசு விண்ணேற்ற வியாழனும் அரசு விடுமுறை. அவற்றை ஒட்டிய வார இறுதிகளில் அறை கிடைப்பது கடினம்.

கிழமை அதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேராதீர்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கிராமக் கடைகள் மூடியிருக்கும், பல உணவகங்களில் ஞாயிறு இரவும் திங்களும் அடுப்பு எரியாது, ரயில்களும் குறைவு.

நான் எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கும் கணக்கு இது: செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை கிளம்புவது. நான்கு இரவுகள். பகுதியின் முக்கிய ஊரான சார்லாவில் புதன் காலையிலும் சனிக்கிழமையும் சந்தை கூடும், இரண்டும் கைக்குக் கிடைக்கும். விடுதியின் வார விடுமுறை செவ்வாயாக இருந்தால் மட்டும் ஒரு நாள் தள்ளிக்கொள்ளுங்கள்.

நான்கு இரவையும் ஒரே விடுதியில் கழியுங்கள். நாளுக்கொரு விடுதி மாறினால் தினமும் மாலையில் அவசரமாகப் போய்ச் சேருவதிலேயே பொழுது போய்விடும். முதல் இரவு விருந்தாளியாக இருப்பவர்கள் மூன்றாவது இரவில் அந்த வீட்டுக்குப் பழகியவர்கள் ஆகிவிடுவார்கள். நல்ல மேசை, ஜாடியில் தனியாக எடுத்து வைத்த ஜாம் இதெல்லாம் அப்போதுதான் வரும்.

3. அறைக்கு முன் சாப்பாட்டைக் கேளுங்கள்

விடுதியின் பக்கத்தைத் திறந்ததும் அறைப் படங்களைப் பார்க்காதீர்கள். உணவகம் எந்த இரவுகளில் திறந்திருக்கும் என்பதைப் பாருங்கள். நீங்கள் தங்கும் இரவுகளில் குறைந்தது மூன்றிலாவது அங்கேயே சாப்பிட முடியவேண்டும். இரவு உணவும் காலை உணவும் அறையோடு சேர்ந்த கட்டணத்துக்குத் தெமி பான்சியோன் என்று பெயர். ஒபெர்ஜில் இது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கார் ஓட்ட வேண்டாம், மாடிப்படி ஏறினால் போதும் என்பதே அதன் பெரிய லாபம்.

இனி நம்மவர்களுக்கான பெரிய விஷயம். இந்தப் பகுதி வாத்து நாடு. இறைச்சி மட்டுமல்ல, சமையல் கொழுப்பே வாத்துக் கொழுப்புதான். சைவம் என்று சொன்ன என் தோழிக்கு ஒரு விடுதியில் பொன்னிறமாக மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வந்தது. மேலே பூண்டும் பார்ஸ்லியும் தூவியிருந்தது. இரண்டாவது வாயில்தான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. அது சார்லா உருளைக்கிழங்கு, வாத்துக் கொழுப்பில் வதக்குவதே அதன் இலக்கணம். பரிமாறியவர் தவறு செய்யவில்லை, தட்டில் இறைச்சித் துண்டு எதுவும் இல்லையே! பூண்டு சூப்பிலும் இதே கதை நடக்கும். பச்சை சாலடில் கூடப் பன்றி இறைச்சித் துணுக்கோ வாத்தின் இரைப்பைத் துண்டோ இருக்கும்.

ஆகவே "சைவம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறு வேண்டாம், வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முட்டை, வெண்ணெய், சீஸ் சாப்பிடுவீர்களா என்பதையும் எழுதுங்கள். சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. காளான் ஆம்லெட், வால்நட் எண்ணெய் ஊற்றிய சாலட், சூடாக்கிய ஆட்டுப்பால் சீஸ், வால்நட் கேக் என்று மேசை நிறையும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் மட்டும் தவிர்ப்பவர்கள் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். வாத்தும் கோழியும் மீனும் தாராளமாகக் கிடைக்கும்.

இதைப் போய்ச் சேர்ந்த பிறகு சொல்வது பயன்படாது. சிறிய சமையலறையில் அன்றைய சமையலுக்கான பொருள் காலையிலேயே வாங்கி முடிந்துவிடும். பதிவு செய்யும்போது ஒரு முறை, போவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு முறை என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

4. விடுதிக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள்

பதிவுத் தளங்களில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், தவறில்லை. ஆனால் உறுதி செய்வதற்கு முன் விடுதிக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரெஞ்சில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும், வாக்கியங்களைச் சிறியதாக வைத்துக்கொண்டால் பிழை வராது. "போன்ஜூர்" என்று தொடங்காத கடிதம் அங்கே மரியாதைக் குறைவு.

கேட்க வேண்டியவை ஐந்து. முதலாவது, நீங்கள் தங்கும் ஒவ்வொரு இரவும் உணவகம் திறந்திருக்குமா? இரண்டாவது, உங்கள் உணவுக் கட்டுப்பாடு. மூன்றாவது, எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்?

நான்காவது, கட்டில். இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பழைய வீடுகளில் "இருவர் கட்டில்" என்பது 140 சென்டிமீட்டர் அகலம், அதாவது நான்கரை அடி. நம் ஊர் குயின் சைஸ் கட்டிலையே விடக் குறுகல். அதில் இரண்டு தலையணைக்குப் பதில் குறுக்கே ஒரே நீளத் திண்டு கிடக்கும் வீடுகளும் உண்டு. 160 சென்டிமீட்டர் கட்டில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதா என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, குளியலறை. சால் தோ என்றால் ஷவர் மட்டும், சால் த பேன் என்றால் தொட்டி உள்ளது. கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, நடைபாதையில் இருக்கிறதா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தேனிலவு அல்லது மணநாள் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இலவசமாக எதையும் எதிர்பார்த்து அல்ல. ஆற்றைப் பார்த்த அறையும் சாலையைப் பார்த்த அறையும் ஒரே விலையில் இருக்கும்போது எதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் அந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்தான்.

5. முன்பணத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்

விடுதிக்காரர் முன்பணம் கேட்பார். அதற்குப் பிரெஞ்சில் இரண்டு சொற்கள் உண்டு, இரண்டின் சட்டப் பொருளும் வேறு. "ஆர்" என்று எழுதியிருந்தால், நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் மட்டும் போகும். அவர்கள் ரத்து செய்தால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். "அகோம்த்" என்று எழுதியிருந்தால் அது உறுதியான ஒப்பந்தம். நீங்கள் போகாவிட்டாலும் முழுத் தொகையையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

விசா கிடைக்குமா என்று தெரியாத நிலையில் இந்த வேறுபாடு பெரியது. விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா என்று மின்னஞ்சலிலேயே கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் பொருள் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறலாம் என்ற ஐரோப்பிய உரிமை, தேதி குறித்த தங்குமிடப் பதிவுக்குப் பொருந்தாது.

சிறிய ஷாம்ப்ர் தோத் வீடுகளில் பலவற்றில் கார்டு இயந்திரம் இருக்காது. பாக்கித் தொகையை எப்படிக் கட்டுவது என்று இப்போதே கேளுங்கள். ரொக்கம் என்றால் சார்லாவிலோ, வழியில் வரும் பெரிய நகரமான போர்தோவிலோ எடுத்துக்கொண்டு போங்கள். சிறு கிராமங்களில் ஏடிஎம் இருக்கும் என்று நம்ப முடியாது. அறைக் கட்டணத்துக்கு மேல் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறிய சுற்றுலா வரி வரும். அது உள்ளூராட்சிக்குப் போகிறது, பேரம் பேசாதீர்கள்.

6. விசாவுக்கான தங்குமிடச் சான்று

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கிராமத்து விடுதியால் இதில் வரும் சிக்கல் ஒன்றுதான். நேரடியாகப் பதிவு செய்தால் தளங்கள் தருவது போன்ற அச்சிட்ட உறுதிச்சீட்டு தானாக வராது. விடுதியின் முழு முகவரி, தொலைபேசி எண், வரும் நாள், கிளம்பும் நாள், இருவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே, கட்டிய தொகை இவை அடங்கிய கடிதம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் பதிவு இருந்தால் மற்றவருக்குச் சான்று இல்லாமல் போய்விடும். பயணத்தின் ஒவ்வோர் இரவுக்கும் இப்படிக் கணக்குக் காட்ட வேண்டும், இடையில் பாரிஸில் தங்கும் ஓர் இரவு உட்பட.

7. ரயிலும் காரும்

பாரிஸில் விமானம் இறங்கிய அன்றே விடுதிக்குப் போக முயலாதீர்கள். தூக்கமில்லாத கண்ணோடு, பழக்கமில்லாத பக்கத்தில் கார் ஓட்டி, மாலை ஏழு மணிக்குள் சேர வேண்டும் என்ற பதற்றத்தோடு போவது ஆபத்து. பாரிஸிலோ போர்தோவிலோ ஓர் இரவு தூங்கி எழுந்து கிளம்புங்கள்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். டிக்கெட் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், ஆகவே விசா வந்த அன்றே வாங்கிவிடுங்கள். போர்தோவிலிருந்து சார்லாவுக்குப் பெர்ஜராக் வழியாக வட்டார ரயில் உண்டு, இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஆனால் சார்லாவில் இறங்கிய பிறகு கிராமங்களுக்குப் போகப் பஸ்ஸை நம்ப முடியாது. போர்தோ நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துக்கொள்வதுதான் என் யோசனை.

காரில் நான்கு விஷயம். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்பே சொல்லுங்கள். இடது கையால் கியர் போட்டுப் பழகியவர்கள் முதல் நாளே வலது கைக்கு மாறுவது சிரமம். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் பிணைத்தொகைக்கு ஏற்பதில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்து, அசல் உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமக் கிளைகள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும், எனவே நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சாலையில் ஊர்ப் பெயர்ப் பலகை வந்தால் வேகம் 50 என்று பொருள், தனியாக எண் எழுதியிருக்காது. அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்த பலகை வரும் வரை அது தொடரும். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் பொதுவாக 80. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது சிறிய சந்தாக இருந்தாலும் சரி. நம்மவர்கள் நெஞ்சு படபடக்கும் இடம் இதுதான்: வலப்பக்கத்துச் சிறு தார்ச்சாலையிலிருந்து ஒரு டிராக்டர் நிற்காமல் ஏறி வரும், உரிமை அவருடையது.

கடைசியாக, முகவரி. கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண்ணும் தெருவும் இல்லாமல் இடப்பெயர் மட்டும் இருக்கலாம். அதே பெயரில் பக்கத்துக் கிராமத்திலும் ஓர் இடம் இருக்கும். விடுதியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேட்டு வாங்கி, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

8. போய்ச் சேரும் மாலை

மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் போய்ச் சேருங்கள். அதற்கு முன் போனால் அறை துடைத்துக்கொண்டிருப்பார்கள், ஏழுக்குப் பின் என்றால் சமையலில் இருப்பார்கள். இரவு முழுவதும் விழித்திருக்கும் வரவேற்பு மேசை இங்கே கிடையாது. கதவைத் திறப்பவரே சமைப்பவர், அவரே காலையில் ரொட்டி வாங்கி வருபவர். தாமதம் என்றால் வழியில் நிறுத்தி ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் சொல் "போன்ஜூர் மதாம்" அல்லது "போன்ஜூர் மிசியூ". மாலை சாய்ந்துவிட்டால் "போன்ஸ்வார்". பிறகுதான் பெயர், பதிவு எல்லாம். முகமன் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருபவரை அவர்கள் முரட்டு ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே சிரிப்பு மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

லிஃப்ட் இருக்காது. படி கல்லாலோ மரத்தாலோ ஆனது, சுழன்று சுழன்று ஏறும், ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். 25 கிலோ பெட்டியை அதில் தூக்கிப் போக முடியாது. நான்கு நாளைக்கான துணியை ஒரு சிறு பையில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், பெரிய பெட்டி கார் டிக்கியிலேயே இருக்கட்டும்.

9. அறைக்குள்

குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஷவர் தட்டுக்கு வெளியே வடிகால் கிடையாது. சிந்தும் தண்ணீர் மரப்பலகை இடுக்கில் இறங்கிக் கீழ்த்தள உணவகத்தின் கூரையில் கறையாகத் தெரியும். திரையை ஷவர் தட்டின் உட்பக்கமாக விட்டுக்கொண்டு குளியுங்கள். வாளியும் குவளையும் இருக்காது. பழைய வீடுகளில் சுடுநீர்த் தொட்டி சிறியது, ஒருவர் குளித்து அரை மணி நேரம் கழித்து மற்றவர் குளித்தால் இருவருக்கும் சுடுநீர் வரும்.

வெயில் காலத்தில் ஜன்னலின் வெளி மரக்கதவுகளைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். காலை வெயில் சுவரில் படுவதற்கு முன், ஒன்பது மணிவாக்கில், மரக்கதவை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டுங்கள். அறை இருட்டாகும், ஆனால் அரை மீட்டர் கனமுள்ள கல் சுவர் இரவின் குளிர்ச்சியை மாலை வரை பிடித்து வைத்திருக்கும். சூரியன் இறங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்த ஜன்னல் அபூர்வம், அதனால் திறப்பதற்கு முன் விளக்கை அணைத்துவிடுங்கள். காற்று வேண்டும் என்று பகலில் ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறவர்கள்தான் இரவில் புழுங்கித் தவிக்கிறார்கள்.

அறையில் குக்கரோ மின் அடுப்போ வைக்க வேண்டாம். மரத்தளம், பழைய மின்கம்பி, மேலும் தாளித்த வாசனை அடுத்த விருந்தாளி வரை நிற்கும். வெந்நீர் வேண்டும் என்றால் கேளுங்கள், தருவார்கள். இந்தியாவின் பெரிய மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் ஒன்று கொண்டுபோங்கள்.

10. இரவு மேசை

ஏழரை என்றால் ஏழரைக்கே கீழே இறங்குங்கள். வரிசை இது: பசியைத் தூண்ட ஒரு பானம், முதல் தட்டு, முக்கியத் தட்டு, சீஸ், இனிப்பு, கடைசியில் காபி. சீஸ் இனிப்புக்கு முன்னால் வரும். இது தெரியாமல் முக்கியத் தட்டோடு முடிந்தது என்று எழுந்துவிட்டவர்கள் உண்டு. காபி இனிப்புக்குப் பிறகுதான், பால் இல்லாமல். இரண்டு மணி நேரம் ஆகும். தட்டு வரத் தாமதமானால் மறந்துவிட்டார்கள் என்று பொருளல்ல, பேசிக்கொண்டிருக்க விடுகிறார்கள்.

ரொட்டியை மேசை விரிப்பின்மேலேயே வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிடலாம், அதற்கென்று தட்டு வராது. தண்ணீருக்கு "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய் நீர் கட்டணமின்றி வரும். மது அருந்துபவர்கள் உள்ளூர் பெர்ஜராக் சிவப்பையும், இனிப்போடு மோன்பசியாக்கையும் கேளுங்கள். அருந்தாதவர்கள் தயங்க வேண்டாம், திராட்சைச் சாறு கேட்டால் மதுக் குவளையிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். விலையில் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. மனம் நிறைந்தால் சில யூரோ வைக்கலாம், கட்டாயமில்லை.

ஊறுகாய்ப் பாக்கெட்டை மேசையில் திறக்காதீர்கள். சமைத்தவர் அதே அறையில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூனில் சூரியன் மறைய ஏறத்தாழ பத்து மணி ஆகும். சாப்பிட்டு எழும்போதும் வெளிச்சம் இருக்கும், பகல் நேரப் பயணிகள் எல்லோரும் போயிருப்பார்கள். ஆற்றங்கரைக் கிராமமான லா ரோக் கஜாக்கில் செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரே வரிசையாக வீடுகள். அந்த நேரத்தில் மஞ்சள் கல் முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். நாங்கள் இருவரும் அந்த வேளையில் எதுவும் பேசாமல் நடந்த நடையை இன்றும் நினைத்துக்கொள்வோம். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே சாப்பாட்டை விடுதியிலும், விடுதியைக் கிராமத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

11. பகல் பொழுது

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். காலை உணவு எட்டிலிருந்து பத்து வரை ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி என்று இருக்கும்; சூடான பலகாரம் எதிர்பார்க்க வேண்டாம். மதிய உணவுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும்.

புதனன்று சார்லா சந்தைக்கு ஒன்பதுக்குள் போங்கள், பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஒரு நாள் படகு: வித்ராக்கில் துடுப்புப் படகு எடுத்து ஆற்றோட்டத்தோடு பேனாக் வரை இறங்கினால், படகு நிறுவனமே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து விடும். காலணி நனையும், கைப்பேசிக்கு மூடிய டப்பா கேளுங்கள். ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியக் குகைகளில் அசல் குகையான ஃபோன் த கோமில் நாளுக்கு மிகக் குறைவானவர்களையே விடுவார்கள், ஊரிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். லாஸ்கோவின் அசல் குகை 1963 முதல் மூடியிருக்கிறது. இப்போது பார்ப்பது அதன் முழு நகல்.

ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் அதற்கும் ஈடு உண்டு. அந்த இரு மாதங்களிலும் வியாழன் மாலைகளில் மார்க்கேசாக் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கிராமங்களில் இரவுச் சந்தை கூடும், கடைகளில் வாங்கி நீள மேசைகளில் அமர்ந்து சாப்பிடலாம். தட்டும் கரண்டியும் குவளையும் நீங்களே கொண்டுபோவது வழக்கம். தெரியாமல் வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்.

12. கிளம்பும் காலை

முந்தைய இரவே கணக்கைக் கேட்டுவிடுங்கள். காலையில் வீட்டுக்காரர் ரொட்டி வாங்கப் போயிருந்தால் ரயில் நேரத்தில் பதற வேண்டியிருக்காது. பொதுவாகப் பத்து அல்லது பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கதவருகே ஒரு குறிப்பேடு இருந்தால் அதில் தமிழிலேயே நான்கு வரி எழுதுங்கள், கீழே பிரெஞ்சில் ஒரு "மெர்சி". எங்கள் விடுதிக்கார அம்மா போன தடவை எங்கள் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து என்ன ஒலி என்று கேட்டார்.

சனிக்கிழமைச் சந்தையில் வால்நட் எண்ணெய் வாங்குவதானால் தகர டப்பாவில் வாங்கி, விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். போர்தோவில் காரைத் திருப்பும் முன் பெட்ரோல் நிரப்ப வேண்டும். நிலையத்தை நெருங்கிய பிறகு பங்க் தேடி அலைய வேண்டாம், நகரத்துக்குள் நுழையும் முன்பே நிரப்பிவிடுங்கள். ஆளில்லாத பம்புகள் சில வெளிநாட்டுக் கார்டை ஏற்பதில்லை. ஆள் இருக்கும் பங்க்கில், கையில் ரொக்கத்தோடு, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக.